மூன்றாவது தபால் பெட்டி

வியாழன், மெம்ஃபிஸ்

இரவு எட்டு மணிக்கு பீல் தெருவில் நடந்தால் ஐந்து கடைகளின் ஐந்து பாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகின்றன. நியான் விளக்கு, பிளாஸ்டிக் டம்ளரில் பீர், வரிசையாக டி-ஷர்ட் கடைகள். அமெரிக்கக் கறுப்பர்களின் இசையான ப்ளூஸின் வீடே இதுதான் என்கிறார்கள். ப்ளூஸை முதலில் விலை போட்டு விற்ற தெரு என்றால் ஒப்புக்கொள்வேன்.

நான் தேடி வந்தவர் இந்தத் தெருவைச் சேர்ந்தவர் இல்லை. 1928 பிப்ரவரியில் மிசிசிப்பி மாநிலத்தின் அவலான் என்ற குக்கிராமத்திலிருந்து ஒரு வாரக்காரர் இந்த மெம்ஃபிஸுக்கு வந்து, ஓகே என்ற இசைத்தட்டு கம்பெனிக்கு எட்டுப் பாட்டு பாடிக் கொடுத்தார். பெயர் ஜான் ஹர்ட். ‘மிசிசிப்பி’ ஜான் ஹர்ட் என்று முன்னால் ஊர்ப்பெயர் ஒட்டியது கம்பெனி, வியாபாரத்துக்காக. எட்டில் இரண்டுதான் வெளியே வந்தன. அதே டிசம்பரில் நியூயார்க்குக்குக் கூப்பிட்டு இன்னும் பன்னிரண்டு பாட்டு பதிவு செய்தார்கள். தட்டுகள் சுமாராகக்கூட விற்கவில்லை. அடுத்த வருஷம் பங்குச் சந்தை கவிழ்ந்தது. பாட்டுத்தட்டு வாங்க எவனிடம் காசு இருந்தது? ஹர்ட் ஊருக்குத் திரும்பிப் பருத்திக் காட்டில் இறங்கினார். அதற்குப் பிறகு முப்பத்துச் சொச்சம் வருஷம் வெளியுலகத்துக்கு அவர் வெறும் ஒரு லேபிள்.

இங்கே வேலை பார்க்கும் மச்சினன்தான் காரோட்டி. அவலான் என்றதும் ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு, “மாமா, அங்க ஒரு பெட்ரோல் பங்க் கூட இல்லையே!” என்றான். இருந்தாலும் நாலு நாள் லீவு போட்டிருக்கிறான். நல்ல பிள்ளை.

வெள்ளி, கிளார்க்ஸ்டேல்

மெம்ஃபிஸிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை 61. கொஞ்ச தூரத்திலேயே தரை தட்டையாகிவிடுகிறது. டெல்டா என்கிற பகுதி இதுதான். மேடு பள்ளம் என்பதே இல்லை. அக்டோபர் என்பதால் பருத்தி எடுப்பு நடக்கிறது. ஒரு காலத்தில் ஊரே குனிந்து பறித்த காட்டில் இப்போது ஒரே ஒரு ராட்சத இயந்திரம். பறித்த பருத்தியை அதுவே உருட்டி, பிளாஸ்டிக் உறையும் சுற்றி, வண்டிச் சக்கரம் உயரத்துக்கும் மேலான உருளைகளாகப் பின்னால் போட்டுவிட்டுப் போகிறது. இளஞ்சிவப்பு உருளை, மஞ்சள் உருளை. கண்ணுக்கு எட்டிய தூரம் மனுஷத் தலை ஒன்றுகூடத் தென்படவில்லை.

வழியில் டூனிக்கா. சூதாட்ட விடுதிகளின் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள். 1964இல் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு பாடகரைப் பற்றிக் கடைசி நாளில் எழுதுகிறேன்.

கிளார்க்ஸ்டேலில் பழைய ரயில் சரக்குக் கிடங்கில் டெல்டா ப்ளூஸ் மியூசியம் இருக்கிறது. ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் வாழ்ந்த மரவீட்டின் மிச்சத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். மச்சினன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து படமெடுத்தான். எனக்கு மனசு சன் ஹவுஸ் என்ற இன்னொரு பழைய பாடகர் பக்கம் போய்விட்டது. பக்கத்திலேயே இருக்கும் லயன் என்ற ஊர்க்காரர் அவர். 1930இல் தட்டுகள் போட்டார், விற்கவில்லை. 1941லும் 42லும் நாட்டுப்பாட்டு சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு செய்துகொண்டு போனார். 1943இல் சன் ஹவுஸ் வடக்கே நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டருக்குக் குடிபெயர்ந்து ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். கூட்டாளி வில்லி பிரவுன் செத்த பிறகு கிட்டாரையே தொடவில்லை. 1964 ஜூனில் மூன்று இளைஞர்கள் அவரை மிசிசிப்பியில் தேடி அலைந்து, கடைசியில் ராச்செஸ்டரில் கண்டுபிடித்தார்கள். ஆள் கிடைத்தார், கை கிடைக்கவில்லை. குடியால் விரல் நடுக்கம், பாட்டெல்லாம் மறந்துபோயிருந்தது. ஆல் வில்சன் என்ற இருபது வயசுப் பையன் எதிரே உட்கார்ந்து, அவருடைய பழைய தட்டுகளில் அவர் எப்படி வாசித்தாரோ அதை அவருக்கே வாசித்துக் காட்டினான். சன் ஹவுஸுக்கு சன் ஹவுஸ் பாடம்! அதற்கப்புறம் அவர் மேடையேறி, கண் செருகி, உலோகக் கிட்டாரை அறைந்து வாசித்த வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

மதியச் சாப்பாடு டெல்டா தமாலே. சோள மாவுக்குள் காரமான இறைச்சியை வைத்து, சோள மடலில் சுற்றி, மூன்று மூன்றாக நூலால் கட்டி வேகவைக்கிறார்கள். மெக்சிக்கோ பண்டம் பருத்திக் காட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. காரம் நம் நாக்குக்கே உறைத்தது.

சனி, கிரீன்வுட்

கிரீன்வுட்டுக்கு வரும்போது மணி என்ற ஊர் வழியாக வந்தோம். பிரையன்ட் மளிகைக் கடையின் இடிந்த சுவர்மேல் கொடி படர்ந்து கிடக்கிறது. 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு வந்த எம்மெட் டில், வயது 14, இந்தக் கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைதவறிப் பேசினான் என்று தூக்கிக்கொண்டு போய்க் கொன்றார்கள். கொன்றவர்கள் விடுதலையானார்கள். அதே சாலையில் சிறிது தூரம் தள்ளி லிட்டில் சயன் தேவாலயத்தில் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் கல்லறைகளில் ஒன்று. மூன்று இடங்களில் அவருக்குக் கல்லறைக் கல் இருப்பதால் ‘ஒன்று’ என்கிறேன். காலி விஸ்கி பாட்டில்களும் சில்லறையும் கல்லின் மேல். 27 வயதில் செத்தவருக்கு மூன்று கல்லறை.

டில் கதையை இங்கே எதற்கு எழுதுகிறேன் என்றால், ஹர்ட்டின் ‘மறுவருகை’யைச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலே தாண்டிவிடுகிறார்கள். 1962–63 குளிர்காலத்தில் கிரீன்வுட் கொதித்துக்கொண்டிருந்தது. கறுப்பர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கிளம்பியதால், மத்திய அரசு ஏழைகளுக்குத் தந்த உணவுப் பொருளை கவுண்டி நிர்வாகம் நிறுத்திவிட்டது. 1963 பிப்ரவரி கடைசியில் வாக்குரிமை இயக்கத்துப் பையன்கள் போன காரின்மீது சுட்டார்கள். ஜிம்மி டிராவிஸ் என்பவருக்குக் கழுத்தில் குண்டு. மார்ச்சில் ஊர்வலத்தின்மீது போலீஸ் நாயை ஏவியது. அவலான் இங்கிருந்து காரில் அரைமணி நேரம்கூட இல்லை. ஏறக்குறைய அந்த மாதங்களில்தான் வாஷிங்டன் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார இளைஞன், வெளி மாநில நம்பர் பிளேட் வண்டியில், ஒரு கறுப்புக் கிழவரைத் தேடி இந்தப் பக்கம் வந்தான்.

ராத்திரி ஓட்டல் அறையில் மச்சினனின் கிட்டாரை எடுத்து ஹர்ட் வாசிப்பைப் பிரித்துக் காட்டினேன். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மட்டும் வேலை செய்யும்: ஒன்று, அடுத்தது, மறுபடி முதலாவது. பாட்டு என்ன ஆனாலும் அது தன் பாட்டுக்குச் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல்கம்பிகளில் மெட்டைப் பிடிக்கும். ஆனால் கட்டைவிரல் விழும் இடத்தில் விழாமல், அதன் இடுக்குகளில் விழும். கேட்பவனுக்கு இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். “சிம்பிளாதானே மாமா இருக்கு?” என்றான். அவன் கையில் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் கட்டைவிரல் மெட்டின் பின்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. “சரி, விடுங்க” என்று டிவியைப் போட்டான்.

ஞாயிறு, அவலான்

கிரீன்வுட்டிலிருந்து வடக்கே நெடுஞ்சாலை 7. இடது பக்கம் டெல்டாவின் தட்டை நிலம், வலது பக்கம் திடீரென்று மரம் மூடிய குன்றுகள். இரண்டும் முட்டிக்கொள்ளும் விளிம்பில் அவலான். ஊர் என்று காட்ட ஒரு கடைத்தெருவோ சந்தையோ எதுவும் இல்லை. மச்சினன் பெட்ரோல் பங்க் பற்றிச் சொன்னது உண்மைதான்.

இந்த விளிம்பில்தான் ஹர்ட் வளர்ந்தார். 1890களின் தொடக்கத்தில் பக்கத்து டியோக்கில் பிறந்தவர். ஒன்பது வயசில் அம்மா ஒன்றரை டாலருக்கு ஒரு பழைய கிட்டார் வாங்கிக் கொடுத்தாராம். கற்றுக்கொடுக்க ஆளில்லை, தானே கற்றுக்கொண்டார். சனிக்கிழமை ஆட்டபாட்டங்களில் வாசிப்பார், தேவாலயத்தில் பாடுவார், மற்ற நாளெல்லாம் காடு. பக்கத்தில் வில்லி நார்மர் என்ற வெள்ளைக்கார பிடில்காரர் இருந்தார். அவருடைய வழக்கமான கிட்டார் கூட்டாளி வராத நாளில் ஹர்ட் கூட உட்கார்ந்து வாசிப்பார். இனப் பிரிவினை கோலோச்சிய காலத்தில்! ஓகே கம்பெனியின் டாமி ராக்வெல் நார்மரைத் தேடி வந்தபோது, “இங்கே இன்னொருவரும் இருக்கிறார்” என்று கைகாட்டியவர் அந்த நார்மர்தான். மெம்ஃபிஸுக்குப் போன கதை அப்படித் தொடங்கியது.

டிசம்பரில் நியூயார்க் போன இடத்தில் ஊர் நினைப்பு வாட்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் நெருக்கம் வேறு. அங்கேயே ஒரு பாட்டு கட்டினார்: அவலான் என் சொந்த ஊர், எப்போதும் மனசில் நிற்கும் ஊர் என்கிற மாதிரி. அதுவும் தட்டில் ஏறியது. ஏறியதோடு சரி.

1952இல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய தட்டுகளைத் திரட்டி ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டார். அதில் ஹர்ட்டின் இரண்டு பாட்டுகள். நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, யார் இந்த ஆள், எப்போதோ செத்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு அவலான் பாட்டின் ஒலிநாடா டிக் ஸ்பாட்ஸ்வுட் என்ற சேகரிப்பாளர் கைக்கும், அவர் வழியாக டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞன் காதுக்கும் வந்தது. பாட்டிலேயே விலாசம்! புது வரைபடங்களில் ஊரைக் காணோம். 1878ஆம் ஆண்டு அட்லஸ் ஒன்றில் கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவில் அவலான் என்று போட்டிருந்தது. 1963இன் தொடக்கத்தில் ஹாஸ்கின்ஸ் வண்டியைக் கிளப்பிவிட்டான். அவலான் கடையில் ஜான் ஹர்ட் என்று ஒருவரைத் தெரியுமா என்று கேட்டான். அவர்கள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் வழி சொன்னார்கள்: இந்த ரோட்டில் ஒரு மைல், மேட்டில் ஏறினால் மூன்றாவது தபால் பெட்டி.

எனக்கு இந்த வரி போதும். உலகம் ‘தொலைந்துபோனவர்’ என்று முப்பத்தைந்து வருஷம் எழுதிவைத்திருந்த மனிதருக்குத் தபால் பெட்டி இருந்தது. தபால்காரருக்குத் தெரிந்திருந்தது, கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் தொலையவே இல்லை. வருஷா வருஷம் பருத்தி போட்டார், சோளம் போட்டார், மாடு மேய்த்தார், சனிக்கிழமை வாசித்தார். நடுவில் வந்த சோதனைக் காலம் என்று நாம் சொல்வது அவருக்கு முழு வாழ்க்கை. மேடை வாழ்க்கைதான் அதில் ஒட்டுப்போட்ட கடைசி மூன்று வருஷம்.

வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பையனைப் பார்த்து எஃப்பிஐ ஆள் என்று நினைத்துவிட்டதாக ஹர்ட் பிற்பாடு சொல்லிச் சிரித்தார். ஆள் மாறி வந்துவிட்டார்கள், நான் ஒரு தப்பும் செய்யவில்லையே என்று தோன்றியதாம். கேட்டவர்களும் சிரித்தார்கள். நேற்று எழுதிய கிரீன்வுட் கதையைத் தெரிந்துகொண்டு இதைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகரத்து ரசிகர்கள் அவரை “என்ன ஒரு சாந்தம், என்ன ஒரு பணிவு, தங்கமான தாத்தா” என்று கொண்டாடினார்கள். அவர் நல்ல மனிதர்தான், பழகியவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மிசிசிப்பியில் எழுபது வருஷம் உயிரோடு இருந்த கறுப்பருக்குப் பணிவு எவ்வளவு தூரம் சுபாவம், எவ்வளவு தூரம் உயிர்காப்பு என்று அந்த ரசிகர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

அன்று அவரிடம் சொந்தக் கிட்டார் இல்லை. ஹாஸ்கின்ஸ் தன்னுடையதைக் கொடுத்தான். வாசித்தார். சன் ஹவுஸுக்கு நேர்ந்தது இவருக்கு நேரவில்லை. 1928 பதிவையும் 1963 பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். கட்டைவிரல் அப்படியே. என் எண்ணம் இது: சன் ஹவுஸுக்குப் பாட்டு ஒரு பெரிய போராட்டம். ஒரு பக்கம் போதகர் வேலை, மறுபக்கம் சாராயக்கடை மேடை. விட்டால் ஒரேயடியாக விட வேண்டியதுதான். ஹர்ட்டுக்கு அது சாயங்கால வழக்கம். அதை வைத்துப் பிழைக்கவும் இல்லை, அதனால் அது கைவிட்டுப் போகவும் இல்லை.

அந்த ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. ஜாக்சனில் கறுப்பர் உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸைச் சுட்டுக் கொன்று ஆறேழு வாரம்தான் ஆகியிருந்தது. ஆயிரக்கணக்கான இளம் வெள்ளையர்கள் முன்னால் தொப்பி போட்ட எழுபது வயதுக்காரர் உட்கார்ந்து, பேசுகிற குரலில் பாடினார். அவர்கள் கேட்டுப் பழகிய ப்ளூஸ் கத்தும், அழும். இவர் பாடியதில் பாதி ப்ளூஸே கிடையாது. கதைப்பாட்டு, ஆட்டப்பாட்டு, பக்திப்பாட்டு. கம்பெனிதான் எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை குத்தியது. காங்கிரஸ் நூலகத்தில் பதிவு, வாஷிங்டனில் குடித்தனம், காபிக்கடைக் கச்சேரி, கார்னகி ஹால், தேசியத் தொலைக்காட்சி என்று வரிசையாக வந்தன. பிறகு ஊர்ப்பக்கம் திரும்பி மனைவி ஜெஸ்ஸியோடு கிரெனடாவில் குடியேறினார். 1966 நவம்பர் 2 அன்று அங்கே காலமானார்.

குன்றுக்குள் போகும் சரளைச் சாலையில் ஏறினோம். ஃபோனில் சிக்னல் போய்விட்டது. அவர் வாழ்ந்த மரவீட்டைப் பேத்தி மீட்டு மியூசியம் ஆக்கியிருந்தார். 2024 பிப்ரவரியில், வரலாற்றுச் சின்னம் என்ற அங்கீகாரம் கிடைத்த சேதி ஆறுவதற்குள், அது எரிந்து சாம்பலாகிவிட்டது. அதனால் வீட்டைப் பார்க்கும் கொடுப்பினை இல்லை. கல்லறை இருக்கிறது, மரங்களுக்கு நடுவே. வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன கிட்டார் பிக்குகள் கல்லின்மேல் வரிசையாக. ஹர்ட் பிக் போட்டு வாசித்தவரே இல்லை, வெறும் விரல்தான். யாரிடம் சொல்ல!

திங்கள், பென்டோனியா

யாஸூ சிட்டி தாண்டி ஜாக்சன் போகிற வழியில் பென்டோனியா. தண்டவாளத்தை ஒட்டி வெள்ளையடித்த சின்னக் கட்டடம், ப்ளூ ஃபிரன்ட் கஃபே. 1948இல் ஒரு தம்பதி தொடங்கியது. இப்போது நடத்துபவர் அவர்கள் மகன் ஜிம்மி ‘டக்’ ஹோம்ஸ். இந்த ஊர்க் கிட்டாருக்கே ஒரு தனிச் சுருதி உண்டு, இருண்ட மைனர் சுருதி. பெரியவர்களிடம் அதைக் கற்றுக்கொண்ட கடைசி ஆள் என்று அவரைச் சொல்கிறார்கள். முதல் ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. அப்புறம் கிராமி பரிந்துரை வரைக்கும் போனார். கடையில் ஆளுக்கொரு சோடா குடித்தோம்.

அந்தச் சுருதியை உலகறியச் செய்தவர் ஸ்கிப் ஜேம்ஸ், 1902இல் இங்கே பிறந்தவர். 1931 பிப்ரவரியில் விஸ்கான்சினில் கிராஃப்டன் என்ற ஊருக்குப் போய் பாராமவுன்ட் கம்பெனிக்குப் பாடினார். பொருளாதார மந்தம் இறுகிக்கொண்டிருந்த நேரம். தட்டுகள் போன இடம் தெரியவில்லை. இன்று அவற்றில் ஒன்று அகப்பட்டால் சேகரிப்பாளர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். ஜேம்ஸ் மனசு கசந்து இசையை விட்டார், போதகரானார், கூலிவேலைக்குப் போனார். 1964 ஜூனில் கிட்டார் கலைஞர் ஜான் ஃபஹேயும் இரண்டு நண்பர்களும் அவரை டூனிக்கா ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள், சன் ஹவுஸ் ராச்செஸ்டரில் அகப்பட்ட அதே சமயம். அந்த ஜூன் 21 அன்றுதான் இதே மாநிலத்தின் நெஷோபா கவுண்டியில் வாக்குரிமை வேலைக்கு வந்த சேனி, குட்மன், ஷ்வெர்னர் மூவரையும் கொன்று மண்ணணைக்குள் புதைத்தார்கள்.

அடுத்த மாதமே ஜேம்ஸ் நியூபோர்ட் மேடையில். அந்த உச்சக் குரலைக் கேட்டுக் கூட்டம் அசந்துபோனது. ஆனால் கச்சேரி அதிகம் வரவில்லை. ஹர்ட் பாட்டு வந்தவனை உட்காரச் சொல்லும். ஜேம்ஸ் பாட்டு எழுந்து போகச் சொல்லும். எனக்குப் பிடித்தது ஜேம்ஸ்தான், காசு கொடுத்துக் கேட்டவர்களுக்கு ஹர்ட். 1966இல் லண்டனில் கிரீம் என்ற ராக் குழு ஜேம்ஸின் பழைய பாட்டு ஒன்றை எடுத்துப் பாடியது. அந்த உரிமைத்தொகைதான் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கக் கைகொடுத்தது. 1969 அக்டோபரில் பிலடெல்ஃபியாவில் இறந்தார்.

“மூணு பேர்ல யாரு மாமா நிஜமா ஜெயிச்சது?” என்று கேட்டான் மச்சினன். வருஷக்கணக்கு பார்த்தால் சன் ஹவுஸ், 1988 வரை இருந்தார், ஆனால் கடைசிப் பத்துப் பதினைந்து வருஷம் வாசிக்கவில்லை. கைநிறையக் கச்சேரி பார்த்தால் ஹர்ட், மூன்றே வருஷம். பாட்டு எத்தனை பேர் காதுக்குப் போனது என்று பார்த்தால் ஜேம்ஸ், அதுவும் வேறொருவர் குரலில். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஹர்ட் பாட்டையே மறுபடி போடச் சொன்னான்.

நாளை ஜாக்சனில் விமானம். நேரம் இருந்தால் ஃபாரிஷ் தெருவுக்குப் போகணும். ஸ்பியர் என்பவரின் இசைக்கருவிக் கடை அங்கேதான் இருந்தது. 1931இல் ஸ்கிப் ஜேம்ஸ் பாடிக் காட்டி, விஸ்கான்சின் போய்ப் பதிவு செய்ய வாய்ப்பு வாங்கிய இடம். கடை போய் எத்தனையோ காலம், ஆனால் ப்ளூஸ் வரலாற்று இடங்களைக் குறிக்கும் நீல நிற ப்ளூஸ் டிரெயில் பலகை ஒன்று நட்டிருக்கிறார்கள். மச்சினன் அதோடு மீன் பொரிக்கிற ஒரு கடையையும் குறித்து வைத்திருக்கிறான்.